ஒன்பது கல்யாணங்களைக் காணோம்

கீழத்தெரு, செந்துறை வழி
3.2.2025, திங்கள்

பெரம்பலூரில் இருக்கும் மகள் வெற்றிச்செல்விக்கு, அரியமுத்து சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பரிமளா எழுதுவது.

இங்கே நலம். உன் நலத்தைப் பரிமளா போனில் கேட்டுவிட்டு வந்து, யாரிடமோ சொல்வது போல என் காதில் போடுகிறாள். உன்னோடு வாயால் பேசுவதில்லை என்று நான் சொல்லிப் பதினாலு மாதம் ஆகிறது. அதில் மாற்றமில்லை. கடிதம் போடமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இதைப் படம் பிடித்து இந்த நிமிஷமே உனக்கு அனுப்புகிறேன் என்கிறாள் பரிமளா. வேண்டாம் என்றேன். தபாலில் போகட்டும். நாம் ஒன்றும் அவ்வளவு நெருக்கமாகிவிடவில்லை.

விஷயம் பொட்டியைப் பற்றியது. சமுதாயக் கூடத்து டிவியில் நீ மாட்டிக் கொடுத்தாயே, சோப்பு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர், அது. தெருவில் நடந்த கல்யாணங்களின் வீடியோ நாற்பத்தொன்று அதில் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் நான் கூடத்தைத் திறப்பேன். சனம் வந்து உட்கார்ந்து தன் தன் கல்யாணத்தைக் கேட்கும். எனக்கு எழுத்து தெரியாது, எண்ணிக்கை தெரியும். கடைசியாகப் போட்டது மேலே நிற்கும். கீழே மூன்று அமுக்கினால் பாப்பாத்தி மகள் மஞ்சு கல்யாணம். கீழே பன்னிரண்டு அமுக்கினால் தமிழழகன் கல்யாணம்.

பொங்கல் கழிந்த ஞாயிறு பாப்பாத்தி கேட்டாள் என்று மூன்று அமுக்கினேன். தமிழழகன் கல்யாணம் வந்தது. பாயசம் பத்தாமல் சம்பந்திகள் பந்தியில் கட்டிப் புரண்டார்களே, அதே கல்யாணம். கூடமே சிரித்தது. பன்னிரண்டில் இருக்க வேண்டியது மூன்றில் நின்றால் மேலே ஒன்பது போயிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். ஒன்பதைக் காணோம். அடுத்த ஞாயிறும் அப்படித்தான், நேற்றும் அப்படித்தான்.

ஆண்டவரை உனக்குத் தெரியும், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "என்னப்பா அரியமுத்து, கல்யாணப் பொண்ணு ஓடிப்போவும், கேள்விப்பட்டிருக்கேன். கல்யாணமே ஓடிப்போயிருச்சே!" என்றார். பொறுத்துக்கொண்டேன். அதோடு விட்டாரா? "பாப்பாவுக்கு இன்னுமா லீவு முடியல? எங்க டிப்போவுல இவ்ளோ நாளு லீவு எவனுக்கும் குடுத்ததில்லையே" என்றார்.

உனக்குத் தெரிந்திருக்கட்டும். நீ அரியலூர் ஆபீஸ் வேலையை விட்டதை நான் தெருவில் சொல்லவில்லை. லீவில் இருக்கிறாய் என்றுதான் சொல்லி வருகிறேன். ஒரு குழி நிலம் இல்லாத வீட்டிலிருந்து முதல் ஆளாகப் போய் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவள், தானே எழுந்து வந்துவிட்டாள் என்று எந்த வாயால் சொல்வேன்? எதற்கு வந்தாள் என்று கேட்டால், கூலி இல்லாத ஒரு வேலைக்கு என்றா சொல்வேன்?

மார்ச் இரண்டாம் தேதி பாப்பாத்தி மகன் சரத்குமார் குவைத்திலிருந்து வந்து கூடத்தில் உட்காரப் போகிறான். தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் போனவன். அன்றைக்கு மூன்று அமுக்கினால் மஞ்சு வர வேண்டும். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது என்னோடு. நீ செய்த பொட்டியை ஊரான் ஒரு சொல் சொல்லக்கூடாது.

அரியமுத்து, கைநாட்டு

(பெரியப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன். நூறு நாள் வேலையில் நூற்றிருபது பேருக்கு வருகை எழுதும்போதுகூட என் கை இப்படி வலித்ததில்லை. பரிமளா)


பெரம்பலூர்
6.2.2025

என் அப்பாவுக்கு, ஒரு தடவை படித்துக் காட்டினால் உங்களுக்குப் போதும் என்று தெரிந்தும் நிறுத்தி நிதானமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படித்தேன். வெளியே ஒருவர் கெட்டுப்போன லேப்டாப்போடு நின்றுகொண்டிருந்தார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணங்கள் அழிந்திருக்காது, அப்பா. ஒரே சமயத்தில் ஒன்பது, அதுவும் மேலிருந்து வரிசையாக அழியாது. உள்ளேதான் இருக்கின்றன, பொட்டி காட்ட மறுக்கிறது. ஏன் என்பதைத்தான் பிடிக்க வேண்டும். அந்த மென்பொருளை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. பல நாட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று வைத்திருக்கிறார்கள். நானும் அதில் ஒரு மூலையில் வேலை செய்கிறேன். ஆகவே கோளாறு என்றால் கை நீட்டிக் குறை சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது.

கடைக்கு வருகிறவர்களிடம் என்ன ஆச்சு என்றால் "ஓடல மேடம்" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் வராது. உங்களிடம் கேட்டால் நாள் கிழமையோடு வரும் என்பதால் கேட்கிறேன். திரையின் வலது மூலையில் மஞ்சளாக மின்னல் போல ஒரு படம் எப்போதாவது வந்து போகிறதா? பொட்டியின் விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது? காணாமல் போன ஒன்பதும் எப்போது உள்ளே போட்டவை? ஒன்பதும் சரியாக வந்த நாட்கள் எவை, வராத நாட்கள் எவை? ஆட்டம் முடிந்ததும் பொட்டியை எப்படி நிறுத்துகிறீர்கள்?

மின்னல் வந்தால் கரன்ட் பத்தவில்லை என்று பொருள். செல்போன் சார்ஜரைச் சொருகியிருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம். நல்லதாக ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

லீவு விஷயத்தைப் பற்றி இதில் எதுவும் எழுதவில்லை. எழுதிக் கிழித்த தாள் இரண்டு.

வெற்றி


கீழத்தெரு
12.2.2025, புதன்

மகள் வெற்றிச்செல்விக்கு அரியமுத்து.

நீ கேட்டது ஐந்து. பரிமளா நாலுக்குப் பதில் எழுதி முடிக்கப் பார்த்தாள். பிடித்துவிட்டேன்.

மின்னல் வந்தது. பொங்கல் கழிந்த ஞாயிறு இரண்டு தடவை, போன மாதக் கடைசி ஞாயிறு ஒரு தடவை. அதற்கு முன்பு இல்லை. பழைய சார்ஜர் பரிமளா வீட்டுக்காரர் போனுடையது, ஒப்புக்கொள்கிறேன். நீ அனுப்பியதை இந்த ஞாயிறு மாட்டினேன். மின்னல் போய்விட்டது. ஒன்பது கல்யாணம் வரவில்லை. ஆக மின்னல் வேறு நோய், இது வேறு நோய். விளக்கு சிவப்பு, பக்கத்தில் பச்சை விட்டு விட்டு எரிகிறது. அதில் முன்னைக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் இல்லை.

காணாமல் போன ஒன்பதும் போன ஆடிக்குப் பிறகு உன் பென் டிரைவில் வந்தவை. நீ பொட்டிக்குப் புது மெமரி கார்டு அனுப்பியது ஆடிப்பெருக்குக்கு மறுநாள். அதற்கு முன் போட்ட முப்பத்திரண்டும் ஒரு நாளும் காணாமல் போனதில்லை. அதற்குப் பின் போட்டவைதான் ஒளிந்துகொள்கின்றன.

இப்போது நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே. மார்கழி முழுக்க ஒரு ஞாயிறுகூடப் பிசகில்லை. பொங்கலுக்குப் பிறகு எல்லா ஞாயிறும் பிசகு. நடுவில் என்ன மாறியது என்று இரண்டு நாள் யோசித்தேன். கூடம் அதே கூடம், டிவி அதே டிவி, நானும் அதே ஆள். மாறியது பரிமளாதான். மார்கழி முடிய அவள் தவறாமல் வந்து ஜன்னலோரம் உட்காருவாள். பொங்கலுக்குப் பிறகு ஏலாக்குறிச்சியில் அக்காள் காலை முறித்துக்கொண்டாள் என்று ஞாயிறானால் பஸ் ஏறிவிடுகிறாள். பரிமளா இருந்தால் கல்யாணம் வருகிறது, இல்லாவிட்டால் வருவதில்லை.

(எனக்கும் பொட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் அதைத் தொட்டதுகூடக் கிடையாது. பரிமளா)

அதைச் சோதித்துப் பார்த்தேன். நேற்று தைப்பூசம். பரிமளாவை வரச் சொல்லிவிட்டு, அவள் வருவதற்கு முன்பே பொட்டியைப் போட்டேன். ஒன்பது இல்லை. அவள் வந்து உட்கார்ந்தாள். அப்போதும் இல்லை. நான் நினைத்தது தப்பு என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பிறகு ஏதோ தோன்றி மறுபடி சொருகினேன். ஒன்பதும் வந்து நின்றன! ஆக, அவள் இருந்தால் மட்டும் போதாது. அவள் இருக்கும்போது பொட்டி எழுந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது கேள்வி. முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, துணியில் சுற்றி, கூடத்து பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன். சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோடு, தூசி அப்படி. கரன்ட்டும் ஒரு நேரம் போல ஒரு நேரம் இருப்பதில்லை. வாரம் முழுக்கச் சொருகியே வைக்க நான் என்ன பொறுப்பில்லாதவனா?

அரியமுத்து, கைநாட்டு


பெரம்பலூர்
17.2.2025

அப்பா! அப்பா!

பிடித்துவிட்டோம். பிடித்தது நான் இல்லை, நீங்கள்.

பரிமளா அக்கா ராசி இல்லை, அவர் போன். பொட்டிக்கு இன்டர்நெட் கிடைக்கட்டும் என்று முன்பு அவர் போனில் ஹாட்ஸ்பாட் என்ற ஒன்றை எப்போதும் போட்டே வைக்கும்படி சொல்லியிருந்தேன். நானே மறந்துபோனேன். அவர் பாவம், இன்றுவரை அணைக்காமல் வைத்திருக்கிறார்.

அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. பிளக்கைப் பிடுங்கினால் இன்று என்ன தேதி என்பதையே மறந்துவிடும். எழுந்ததும் இன்டர்நெட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளும். கேட்க வழியில்லை என்றால், நான் புது கார்டு அனுப்பிய ஆடி மாதத்திலேயே நின்றுகொள்ளும். ஆடியில் நிற்கும் பொட்டிக்கு, ஆவணியில் போட்ட மஞ்சு கல்யாணம் இனிமேல் வரப்போகிற ஒன்று. வராததை எப்படிக் காட்டுவது என்று மறைத்துவிடுகிறது. நடுவில் பரிமளா அக்கா வந்து, சரியான தேதி தெரிந்த பிறகும், மறைத்ததை வெளியே எடுக்க அதற்குத் தோன்றுவதில்லை. அதுதான் மென்பொருளில் உள்ள கோளாறு.

மூன்று வருஷமாகப் பல நாட்டிலிருந்து "வீடியோ காணவில்லை" என்று புகார் வந்துகொண்டிருந்தது. எப்போது, எதற்குப் பிறகு என்று ஒருவரும் சொல்லவில்லை. எழுதுகிறவர்கள் வீட்டில் பொட்டி ராப்பகலாகச் சொருகியே இருக்கும், இன்டர்நெட்டும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிப் பூட்டி வைப்பவர் ஒருவர் இருப்பார் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டேன். தைப்பூசத்தில் செய்த சோதனை உட்பட. இந்தப் பகுதியைக் கவனிப்பவர் பின்லாந்து நாட்டில் ரயில் ஓட்டுகிறவர், ஓய்வு நாளில் இதைச் செய்கிறார். நேற்று ஞாயிறு பகலுக்குள் சரிசெய்துவிட்டார். "இவ்வளவு தெளிவாக ஒருவர் எழுதி நான் பார்த்ததில்லை, இவர் எந்த நிறுவனத்தில் இருக்கிறார்?" என்று கேட்டார். எழுதவில்லை, சொன்னார், என் அப்பா என்றேன்.

அடுத்த பதிப்பில், உதவியவர்கள் பட்டியலில் அரியமுத்து என்று உங்கள் பெயர் வருகிறது. உலகம் முழுக்கப் போகும். சந்தோஷத்தில் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

வெற்றி


கீழத்தெரு
20.2.2025, வியாழன்

வெற்றிச்செல்விக்கு.

கடிதம் கிடைத்தது. பரிமளா படித்துவிட்டுக் கை தட்டினாள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை.

உன் தாத்தா அய்யம்பெருமாளை நீ பார்த்ததில்லை. ஏரித் தண்ணீர் எந்த வயலுக்கு எந்த நாள், எத்தனை நாழிகை என்பது முழுக்க அவர் மனசில் இருக்கும். எழுதி வைத்தவர்களுக்கே தகராறு வந்தால் எங்கள் அப்பனைத்தான் கூப்பிடுவார்கள். "டேய் அய்யம்பெருமாளு, வந்து சொல்லுடா." சாப்பிடும் சோற்றை வைத்துவிட்டு ஓடுவார். வாசலுக்கு வெளியே நின்று சொல்வார். சொன்னதும் "போடா" என்பார்கள். வருவார். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எங்களுடையது இல்லை. வர முடியுமா என்று அவரை ஒரு நாளும் ஒருவரும் கேட்டதில்லை. வரமாட்டேன் என்று சொல்லும் வழி அவருக்கு இல்லாததால் கேட்கத் தேவைப்படவில்லை.

எனக்கும் அவர் மாதிரியே மனசில் நிற்கிறது. அதை நான் சொன்னது உனக்கு. நீ எடுத்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டாய். நல்லதுக்குத்தான், தெரிகிறது. ரயில்காரர் நல்லவர், அதுவும் தெரிகிறது. ஆனாலும் கேட்காமல் கொடுத்தாய். எங்கள் அப்பனிடம் எடுத்த மாதிரியே எடுத்தாய். அவர்கள் அந்நியர், நீ அவர் பேத்தி. அதுதான் வித்தியாசம்.

இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அரியமுத்து, கைநாட்டு

(உன் தாத்தா கதையை நானும் இன்றுதான் கேட்டேன். சொல்லி முடித்ததும் எழுந்து போய்விட்டார். கைநாட்டு வைக்க மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. பரிமளா)


பெரம்பலூர்
24.2.2025

அப்பா,

நான் செய்தது தப்பு. அதற்கு முன்னும் பின்னும் சேர்த்துச் சொல்ல எதுவும் இல்லை.

கடிதம் வந்த அன்றே நான் போட்டதை எடுத்துவிட்டேன். உங்கள் பெயரையும் எடுக்கச் சொன்னேன். ரயில் ஓட்டுபவரிடம் நடந்ததைச் சொன்னேன், தாத்தா விஷயத்தைச் சொல்லவில்லை, அது உங்களுடையது. சொன்னவரைக் கேட்காமல் நான் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுதினேன். "அவர் சம்மதம் வரும்வரை இந்தத் திருத்தத்தை வெளியிடாமல் வைத்திருக்கிறேன். மாட்டேன் என்றால் நாங்களே வேறு வழியில் முதலிலிருந்து தேடிக்கொள்கிறோம்" என்று பதில் போட்டார். ஆகவே பல நாட்டு ஆட்கள் இப்போது உங்கள் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். மாட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் அதோடு முடிந்தது, ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கமாட்டேன்.

இதோடு இருக்கும் கார்டு உங்கள் பொட்டிக்கு மட்டும். கோளாறு நீக்கி, நாற்பத்தொரு கல்யாணத்தையும் ஏற்றியது; தேதி தெரியாவிட்டாலும் இனி எதையும் மறைக்காது. உங்கள் சொல்லால் உங்கள் பொட்டி சரியாவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பொட்டியின் அடிப்பக்கத்தில் பழைய கார்டை உருவிவிட்டு, தங்க நிறக் கோடுகள் பொட்டியைப் பார்த்திருக்கும்படி நகத்தால் தள்ளுங்கள். சரத்குமார் வரும் நாளைக்கு ஆகும்.

வேலையைப் பற்றியும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததைப் பார்த்து நீங்கள் பெருமைப்பட்டீர்கள். அதில் உட்கார்ந்து நான் செய்த வேலையை நினைத்து ஒரு நாள்கூட எனக்குப் பெருமை வந்ததில்லை. கூலி இல்லாத வேலைக்குப் போனேன் என்கிறீர்கள். என் சோற்றுக்குக் கடை இருக்கிறது. அந்த வேலையை நானாக விரும்பிப் போய்ச் செய்கிறேன், பிடிக்காத நாளில் நிறுத்திவிடுவேன். தாத்தாவுக்கு இல்லாதது எனக்கு இருக்கிறது. இதை நினைத்தால் கர்வமாகத்தான் இருக்கிறது.

உங்கள் வெற்றி


கீழத்தெரு
3.3.2025, திங்கள்

என் மகள் வெற்றிச்செல்விக்கு அரியமுத்து சொல்வது.

நேற்று கூடத்தில் உட்கார இடமில்லை. கார்டை நான் ஒருவனாகவே மாற்றினேன். பரிமளாவை, போனையும் எடுத்துக்கொண்டு ஏலாக்குறிச்சிக்குப் போ, சாயங்காலம் வரை இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று அனுப்பிவிட்டேன். அவள் இல்லாமல் ஓடினால்தான் ஓடினதாகக் கணக்கு.

சரத்குமார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான், தாடி வைத்து ஆள் அடையாளமே தெரியவில்லை. பிளக்கைச் சொருகினேன். மூன்று அமுக்கினேன். மஞ்சு, மாலையும் கழுத்துமாக நின்றாள். பாப்பாத்தி மகன் தோளில் ஒரு அடி போட்டு, "பாருடா, நீ இல்லாம உன் இடத்துல எவன் நிக்கிறான்னு பாரு" என்றாள். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டது சித்தப்பன் மகன். சரத்குமார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஆண்டவர் திரும்பினார். "பொட்டி நல்லாத்தான்யா ஓடுது. பாப்பா கெட்டிக்காரிதான். எப்ப லீவு முடிஞ்சு ஆபீஸ் போவுது?"

ரிமோட்டில் நிறுத்தும் பொத்தான் நடுவில். அமுக்கிவிட்டு எழுந்தேன். திரையில் மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்கு நேரே பிடித்தபடி நின்றுவிட்டார்.

"என் பொண்ணு லீவுல இல்ல. வேலைய வுட்டுருச்சு. பதினஞ்சு மாசம் ஆச்சு. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். "பெரம்பலூர்ல கடை வெச்சிருக்கு. இந்தப் பொட்டிக்குள்ள ஓடுதே, இத உலகத்துல பல நாட்டு ஆளுங்க சேந்து செய்யிறாங்க. அதுல ஒரு ஆளு என் பொண்ணு. யாரும் கூப்பிட்டு ஓடுன வேலை இல்ல. அதுவா போயி உட்காந்து செய்யிற வேலை. எங்கப்பன் காலத்துல நம்ம தெருவுல ஒருத்தருக்கும் அது வாய்க்கல. என் பொண்ணுக்கு வாய்ச்சிருக்கு."

பாப்பாத்திதான் வாயைத் திறந்தாள். "அண்ணே, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அதுக்கு எதுக்கு எம் பொண்ணு தாலிய அந்தரத்துல நிறுத்தி வெச்சிருக்க?"

ஆண்டவர், "ஒரு வருசமா நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன், இன்னிக்குத்தான்யா நீ டிக்கெட் எடுத்திருக்க" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என் முகத்துக்காகத் தெருவே எனக்கு லீவு கொடுத்து வைத்திருக்கிறது. பொத்தானை அமுக்கினேன். தாலி கட்டினார்கள். சரத்குமார் இருந்த இடத்திலிருந்தே அட்சதை போடுவது போலக் கையை வீசினான்.

இனி நீ கேட்டதற்குப் பதில். கேட்டாய், அது போதும். ரயில்காரரிடம் சொல், அரியமுத்து கொடுக்கிறேன் என்றான் என்று. எடுத்துக்கொண்டதாக அல்ல, கொடுத்ததாக எழுத வேண்டும். பெயரை மறுபடி போடு. ஆனால் அரியமுத்து என்று மொட்டையாக வேண்டாம். முன்னால் ஒற்றை எழுத்தும் வேண்டாம், எங்கள் அப்பன் ஒரு புள்ளியோடு நின்றுவிடுவார். அய்யம்பெருமாள் மகன் அரியமுத்து என்று முழுசாகப் போடு. இடம் பத்தாது என்றால் என் பெயரைக் குறைத்துக்கொள்.

இன்னொன்று. எனக்கு நடந்தது எதுவும் மறக்காது, உனக்குத் தெரியும். நீ பரீட்சை எழுதிய நாள், பாஸானது தெரிந்து தெருவுக்கு மிட்டாய் கொடுத்த நாள், முதல் நாள் அரியலூர் பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டபோது உன் பையில் என்ன இருந்தது என்பது வரை நினைவிருக்கிறது. இந்த ஒரு வாரமாகத் தேடிப் பார்க்கிறேன். பரீட்சை எழுது என்றேன், எழுதினாய். போய்ச் சேர் என்றேன், சேர்ந்தாய். உனக்கு அந்த வேலை பிடிக்கிறதா என்று நான் கேட்டதாக ஒரு நாளும் நினைவில் வரவில்லை. வராது. கேட்கவில்லை.

ஆகவே இதைக் கேட்டே எழுதச் சொல்கிறேன். வருகிற ஞாயிறு கூடத்துக்கு வர உனக்குச் சௌகரியப்படுமா? முடியாது என்றாலும் முடியாது என்று எழுது.

அய்யம்பெருமாள் மகன் அரியமுத்து, கைநாட்டு